முகம் பார்த்துப் பூச்சி பிடித்தவர்

என் கணவர் கடைவீதியில் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வருகிறவர்களின் கண்ணைவிட முகத்தைத்தான் அதிகம் பார்ப்பார். வட்ட முகத்துக்குச் சதுர ஃபிரேம், சதுர முகத்துக்கு வட்ட ஃபிரேம் என்று ஆரம்பித்தவர், போகப்போக முகத்தை வைத்து ஆளின் குணத்தையே சொல்லுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டார். "இவன் நாளைக்கே திரும்ப வந்து சண்டை போடுவான் பாரு" என்பார். "யோசிச்சிட்டு வரேன்னு சொல்ற முகம் அது, வராது" என்பார். என்னை முதலில் பார்த்த அன்றே கோபக்காரி என்று முடிவு கட்டிவிட்டாராம். அவர் சொன்னதில் அது ஒன்றுதான் பலித்தது. அதுவும் அவரோடு குடித்தனம் நடத்தியதால் பலித்தது.

நான் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். பகல் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அழகான அணு, அவலட்சணமான அணு என்று நாங்கள் ரிப்போர்ட்டில் எழுதுவது கிடையாது. எழுதினால் மறுநாள் வேலை இருக்காது. ஆனால் கண்ணாடிக் கடைக்காரருக்கு அந்த மாதிரிக் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை.

இப்படிப்பட்டவர் போன வருஷம் தோட்டக்கலை நிபுணரானார். எங்கள் பகுதியில் 'வீட்டுத் தோட்ட வட்டம்' என்று ஒரு வாட்ஸப் குழு இருக்கிறது. தொட்டியில் செடி வைத்துச் சாகடித்தவர்கள், சாகடிக்கப் போகிறவர்கள் எல்லோரும் அதில் உறுப்பினர்கள். யாராவது ஒரு கேள்வி கேட்டால் மற்றவர்கள் மரியாதையாகச் சும்மா இருப்பார்கள். இவருக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கடையில் ஆள் வராத நேரத்தில் ஏதோ ஒரு கட்டுரையில் பாதியைப் படித்துவிட்டு, மீதியைத் தானே சேர்த்து, பதில் போட்டார். ஆலை இல்லாத ஊரில் இலுப்பைப்பூதானே சர்க்கரை. சில மாதங்களில் குழுவுக்கு இவரே தலைமை ஆலோசகர். குழுவின் முகப்புப் படத்தையும் இவரே மாற்றினார். சிவப்பு முதுகில் கறுப்புப் பொட்டு வைத்த பொறிவண்டு. "என்ன லட்சணமான முகம் பாரு. விவசாயிக்கு நண்பன்" என்று என்னிடம் காட்டினார். எனக்கு முகம் தெரியவில்லை, முதுகுதான் தெரிந்தது. சொல்லவில்லை.

இந்த நிபுணத்துவம் எல்லாம் அதுவரைக்கும் ஊருக்குத்தான் உபதேசமாக இருந்தது. எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு மரம். மாதுளை. அதை வைத்தது நான்.

அந்த வீட்டில் சுவரின் நிறம் அவர் தேர்ந்தெடுத்தது. திரைச்சீலை அவர் தேர்ந்தெடுத்தது. நான் தினமும் நின்று சமைக்கிற மேடையின் உயரத்தைக்கூட அவர்தான் முடிவு செய்தார், அதனால் எனக்கு இடுப்பு வலி. மாதுளை ஒன்றுதான் நான் கேட்டு, நான் வாங்கி, நான் குழி தோண்டி வைத்தது. அதனால் அதன்மேல் எனக்கு உயிர். வெட்கப்படாமல் சொல்லுகிறேன்.

மரம் வளர்ந்தது, தழைத்தது, காய்க்கவில்லை. அது நிற்கிற இடத்தில் கார் ஷெட் போட வேண்டும் என்பது இவர் ஆசை. எங்களிடம் கார் கிடையாது. எருமை வாங்குமுன் நெய்க்கு விலை பேசுகிற வம்சம். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் இவருடைய அக்கா, என் நாத்தனார், குடியிருக்கிறார். அவர் துணி காயப்போட வரும்போதெல்லாம், சுவருக்கு மேலே நீண்டிருக்கிற கிளையை அண்ணாந்து பார்த்து, "வச்ச கை அப்படி" என்று காற்றிடம் சொல்லுவார். காற்று எனக்குக் கொண்டுவந்து கொடுத்துவிடும்.

கடைசியில் ஒரு ஒப்பந்தத்துக்கு வந்தோம். இந்தப் பருவத்தில் காய்த்தால் மரம் இருக்கும். காய்க்காவிட்டால் கொத்தனார் வருவார்.

சொல்லி வைத்ததுபோல் அந்தப் பருவத்தில் மரம் பூத்துக் குலுங்கியது. காலையில் கதவைத் திறந்தால் சிவப்புச் சிவப்பாக மொட்டு. நான் வேலைக்குக் கிளம்பும்போது ஒருமுறை, வந்ததும் ஒருமுறை போய்ப் பார்த்துக்கொண்டேன். பூவின் காம்பிலும் கொழுந்திலும் பச்சைப் பச்சையாகப் பொடிப் பூச்சி அப்பிக்கொண்டிருப்பதை ஒரு நாள் பார்த்தேன். அசுவினி. அவற்றுக்கு நடுவே கறுப்பாக, முதுகெல்லாம் முள்ளாக, ஆரஞ்சுத் திட்டுகளோடு நீளமான சில புழுக்களும் திரிந்தன. வாய் தவறி இதை வீட்டில் சொல்லிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடையிலிருந்து லென்ஸையும், மூக்குக் கண்ணாடியின் குட்டித் திருகாணியைப் பிடிக்கிற கிடுக்கியையும் கொண்டுவந்தார். ஸ்டூல் போட்டு ஏறினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பச்சை இருக்கே, இது சாது. முகத்தைப் பாரேன், பால் வடியுது. உடம்புக்குள்ள இருக்கிறதுகூட வெளியில தெரியுது. ஒளிக்க ஒண்ணுமில்லாத ஜீவன்."

"மொட்டுச் சாறையெல்லாம் அதுதானே உறிஞ்சிட்டு இருக்கு?"

"உறிஞ்சுதுன்னு நீ பாத்தியா? பக்கத்துல உக்காந்திருக்கு, அவ்வளவுதான். இதோ இவன்தான் திருடன். கறுப்பு. முள்ளு. அப்படியே முதலை. இந்த மாதிரி முகம் கடைக்கு வந்தா நான் கல்லாவை விட்டு நகரவே மாட்டேன்."

"கொஞ்ச நாள் விட்டுப் பாப்போமே, எது என்ன பண்ணுதுன்னு."

"நீ ரத்தம் பாக்கறவ. இது வேற துறை."

அன்றைக்கு ஒரு பாட்டில் சோப்புத் தண்ணீரில் கறுப்புப் புழுக்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் போட்டார். ஒன்று தப்பவில்லை. திருகாணி பிடித்துப் பழகிய கை. பாட்டிலைப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். 'தோட்டத்துக்குப் புதியவர்கள் கவனிக்கவும். நல்ல பூச்சி எது, கெட்ட பூச்சி எது என்று குழம்ப வேண்டாம். முகத்தைப் பாருங்கள், போதும். இந்தக் கறுப்பனை எங்கே பார்த்தாலும் நசுக்குங்கள்.' கும்பிடுகிற கைகளும் கைதட்டுகிற கைகளுமாகக் குவிந்தன. எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவருகிற அம்மாளும் குழுவில் உண்டு. 'எங்க வீட்டு மாதுளையிலயும் இதே பூச்சிதான் சார். நல்ல வேளை சொன்னீங்க' என்று அவர் எழுதியிருந்தார். இவர் அதை எனக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினார்.

ஸ்டூலை மதில் ஓரத்துக்கு நகர்த்தி, அந்தப் பக்கம் நீண்டிருந்த கிளையிலும் கை வைக்கப் போனார். நாத்தனார் துணிக்கொடியிலிருந்தே பார்த்துவிட்டார்.

"என்னடா பாட்டில் அது?"

"பூச்சிக்கு, அக்கா."

"ஒரு சொட்டு என் துணியில பட்டுச்சு, மொத்தத்தையும் நீதான் துவைக்கணும். இறங்கு."

உலகத்தில் என் கணவர் பயப்படுகிற ஒரே ஆள் அவருடைய அக்கா. இறங்கிவிட்டார்.

அதன்பிறகு நடந்ததை எழுதவே வயிறு எரிகிறது. தட்டிக் கேட்க ஆள் இல்லாத சாதுக்கள் பெருகின. கொழுந்து சுருண்டது. இலையெல்லாம் பிசுபிசுப்பு. எறும்பு ஊர்வலம். மொட்டுகள் ஒன்றொன்றாக மஞ்சளாகி உதிர்ந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைவது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இங்கே ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறி உடைத்துக்கொண்டிருந்தார். வேலை முடிந்து வந்து மரத்தடியைப் பெருக்கினால் முறம் முழுக்கச் சிவப்பு. அவற்றைக் குப்பையில் கொட்ட எனக்குக் கை வரவில்லை.

"திருடன் இன்னும் எங்கேயோ ஒளிஞ்சிருக்கான்" என்றார் இவர். மறுபடி லென்ஸ், மறுபடி கிடுக்கி. கொத்தனாரும் ஒரு நாள் வந்து டேப்பைப் பிடித்து அளந்துவிட்டுப் போனார். எந்தக் கார் என்று அவர் கேட்டதற்கு, "பெரிய கார்னே வச்சுக்கோங்க" என்று பதில் வந்தது.

அந்த வாரம்தான் மதிலுக்கு மேலே நாத்தனாரின் குரல் கேட்டது. இந்த முறை காற்றிடம் இல்லை, நேராக என்னிடமே.

"பாத்தியா, என் பக்கம் எட்டிப் பாத்தப்புறம்தான் இந்த மரத்துக்கே புத்தி வந்திருக்கு. காய் பிடிச்சிருக்கு. கை ராசிம்மா, என்ன பண்றது."

துணி ஒன்று பறந்து விழுந்துவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். உண்மைதான். எலுமிச்சை அளவுக்கு, கிரீடம் வைத்த குட்டிக் காய்கள். என் மரத்தின் காய்கள். மலடு என்று பெயர் வாங்கிய மரம் சுவருக்கு அந்தப் பக்கம் போய்க் காய்த்திருக்கிறது. சந்தோஷமும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கிளையை இழுத்துப் பார்த்தேன். அங்கேயும் அசுவினி இருந்தது, ஆனால் கொஞ்சம்தான். கறுப்பு முதலைகள்தான் அதிகம். ஒரு முதலை ஒரு பச்சையைக் கவ்விக்கொண்டிருந்தது. நின்று பார்த்தேன். தின்று முடித்துவிட்டு அடுத்ததைப் பிடித்தது. அதற்கப்புறம் அடுத்தது. நாத்தனார் என்னைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். நான் நகரவில்லை.

ஒரு கொழுந்தை முதலையோடும் பச்சைகளோடும் கிள்ளி, பரிசோதனைக் கூடத்தில் பயன்படுத்துகிற காலி சாம்பிள் டப்பாவில் போட்டு, வாயைத் துணியால் கட்டி வேலையிடத்துக்குக் கொண்டுபோனேன். தினமும் புதுக் கொழுந்து வைத்தேன். புழு தின்றது, கொழுத்தது, பிறகு இலையில் ஒட்டிக்கொண்டு அசையாமல் சுருங்கியது. செத்துவிட்டது என்று நினைத்தேன். சில நாள் கழித்து டப்பாவைத் திறந்தால், உரித்த தோலுக்குப் பக்கத்தில், சிவப்பு முதுகும் கறுப்புப் பொட்டுமாகப் பொறிவண்டு. குழுவின் முகப்புப் படத்தில் தாய், சோப்புத் தண்ணீரில் பிள்ளைகள்.

அவரிடம் நான் வாயால் சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற காதாக இருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது. நாத்தனார் பக்கத்திலிருந்து இன்னொரு புழுவைக் கொழுந்தோடு கொண்டுவந்து மேசையில் வைத்து, பக்கத்தில் வண்டு இருந்த டப்பாவையும் வைத்து, லென்ஸை நீட்டினேன். குனிந்தார். சிரித்துக்கொண்டுதான் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. கழுத்து மட்டும் மெல்லச் சிவந்தது.

"இதுவும் அதுவும் ஒண்ணா?"

"ஒண்ணுதான். அது குழந்தை. இது வளர்ந்தது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"உக்காந்து பாத்தேன்."

நாற்காலியில் சாய்ந்தார். ஒரு நிமிடம் எனக்கு அவர்மேல் பரிதாபமாகக்கூட இருந்தது. ஒரு வார்த்தை, 'தப்புப் பண்ணிட்டேன்' என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் காபி போட்டுக் கொடுத்திருப்பேன்.

"குழுவுல இத்தனை பேர் இருக்காங்களே" என்றார். "இவனை நல்லவன்னு இப்ப எப்படிச் சொல்றது?"

"அன்னைக்குச் சொன்னது தப்புன்னு சொல்லுங்க."

"உனக்கென்ன, சொல்லிடுவ." எழுந்து கொல்லைப் பக்கம் போனார். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்டது. போனில் பேசிக்கொண்டிருந்தார். "ஆமா மேஸ்திரி, வர்ற சனிக்கிழமையே வெட்டிடலாம். காய்க்கல, அதான். நம்ம பக்கம் ஒண்ணுகூட இல்ல."

மனிதனின் புத்தியைப் பாருங்கள். ஒரு மன்னிப்பைவிட ஒரு மரத்தை வெட்டுவது சுலபமாகப் போய்விட்டது. மரம் இருந்தால்தானே அது ஏன் காய்க்கவில்லை என்று யாராவது கேட்பார்கள். இல்லாத காருக்கு இருந்த மரம் பலி. அழுதுவிடுவேன் போலிருந்தது. அழுதால் முகத்தைப் பார்த்து ஏதாவது பலன் சொல்லுவார் என்று அடக்கிக்கொண்டேன்.

குழுவில் என்னையும் கேட்காமலே சேர்த்திருந்தார். இதுவரை நான் அதில் ஒரு கும்பிடு போட்டதில்லை. அன்று எழுதினேன். 'எங்கள் வீட்டு மாதுளை காய்த்திருக்கிறது. வரும் ஞாயிறு காலை எல்லோரும் வந்து பார்க்கலாம்.' படமும் போட்டேன். மதில் தெரியாமல் எடுத்த படம். கொல்லையிலிருந்து அவர் உள்ளே வருவதற்குள் பாராட்டுகள் குவிந்துவிட்டன. அவர் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி போனைப் பார்த்தார். பாராட்டை வேண்டாம் என்று சொல்லுகிற சுபாவம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. கொத்தனாரைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை முற்றம் கொள்ளாத கூட்டம். ஓய்வுபெற்ற வங்கி மேலாளர், தையல்காரத் தம்பதி, சோப்புத் தண்ணீர்ப் பாட்டிலைக் கையோடு கொண்டுவந்த ஒருவர். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். எங்கள் பக்கம் மொட்டை. மதிலுக்கு அந்தப் பக்கம் காய்.

"என்ன சார், இந்தப் பக்கம் ஒண்ணுமில்லையே?" என்றார் வங்கி மேலாளர்.

என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிறகு ஸ்டூல் மேல் ஏறினார்.

"அதுதான் விஷயம். இது ஒரு சோதனை. ஒரு பக்கம் கறுப்புப் புழுவை எடுத்துட்டேன். இன்னொரு பக்கம் வேணும்னே தொடாம விட்டேன். வித்தியாசத்தை நீங்களே பாருங்க. அந்தப் புழுதான் நமக்கு நண்பன். இதை நான் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கேன்."

கைதட்டல். பாட்டில்காரர் பாட்டிலை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நான் வாயைத் திறக்கவில்லை. பொய்தான். ஆனால் சோதனை மரத்தை நாளைக்கு வெட்ட முடியாது. அவருக்குப் பெயர், எனக்கு மரம். பேரம் மோசமில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

தபால்கார அம்மாள் கூட்டத்தில் முன்னால் வந்தார். சீருடையில் இல்லாததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"சார், நீங்க நசுக்கச் சொன்னீங்களே. நானும் என் பொண்ணும் ஒண்ணு விடாம நசுக்கினோம். பூவெல்லாம் கொட்டிடுச்சு. காய்க்காத மரம் எதுக்குன்னு வீட்டுக்காரர் போன வாரம் வெட்டிட்டார்."

என் கணவர் ஸ்டூலில் நின்றபடியே குனிந்து, கடையில் பவர் கூடிப்போனதைச் சொல்லுகிற அதே கனிவான குரலில் சொன்னார்.

"பரவாயில்லம்மா. மனசைத் தளர விடாதீங்க. புதுசா ஆரம்பிக்கறவங்க எல்லாரும் பண்ற தப்புதான்."

என் கணவர் அவரை மன்னித்துவிட்டார். அந்த அம்மாளும் தலையை ஆட்டினார். தன்மேல்தான் தப்பு என்று நம்பிவிட்ட ஆட்டம் அது. அதற்குமேல் என்னால் முடியவில்லை. இன்றைக்கே கொத்தனாருக்குப் போன் போகும் என்று தெரிந்துதான் பேசினேன்.

"தப்பு அவங்களது இல்ல. சோதனையும் இல்ல, ஆராய்ச்சியும் இல்ல. முகம் நல்லா இல்லைன்னு இவர்தான் எல்லாத்தையும் கொன்னார். நீங்களும் கொல்லுங்கன்னு சொன்னதும் இவர்தான். அந்தக் கிளையில இவரால கை வைக்க முடியல, அதனால அது பிழைச்சுது. தெரிஞ்சப்புறமும் உங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டு, நாளைக்கு இந்த மரத்தை வெட்ட ஆள் சொல்லியிருக்கார்."

"முடியாம இல்ல" என்று மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து நாத்தனாரின் தலை எழுந்தது. "என் துணிக்குப் பயந்து விட்டான். என்னடா, வெட்டப் போறியா? உன் பக்கத்து விறகை வெட்டிக்கோ, எனக்கென்ன. என் பக்கத்துக் காய் ஒண்ணு உதிர்ந்துது, அப்புறம் பேசிக்கறேன்."

நாத்தனாருக்குக் கவலை மரத்தைப் பற்றி இல்லை, காயைப் பற்றித்தான். அதனால் என்ன, கோயில் கட்டலாம் போலிருந்தது எனக்கு. வேரை வெட்டிவிட்டுக் காயை மட்டும் காப்பாற்றுகிற வித்தை என் கணவருக்குக்கூடத் தெரியாது. "வெட்டறதா யாருக்கா சொன்னா" என்று கூட்டத்துக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்கினார். எல்லோருடைய முகமும் அவரைத்தான் பார்த்தது. அவர் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை.

கூட்டம் மெல்லக் கலைந்தது. நான் அரிவாளை எடுத்துவந்து, எங்கள் பக்கத்தில் முற்றிய குச்சிகளாகப் பார்த்து நாலைந்து வெட்டி, ஈரத்துணியில் சுற்றித் தபால்கார அம்மாளிடம் கொடுத்தேன். மாதுளை குச்சியிலிருந்தே துளிர்க்கும். அவர் அதைக் குழந்தையை வாங்குவதுபோல் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாசலில் நின்றிருந்த என் கணவருக்கு அந்த நேரத்திலும் சும்மா இருக்க முடியவில்லை.

"நடும்போது ஒண்ணு கவனிக்கணும்மா. குச்சியை எப்பவுமே..."

"நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க சார்" என்றார் அந்த அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டே. குரலில் கோபம்கூட இல்லை. "உங்களைக் கேட்டு ஒரு மரம் போனது போதும்."